பத்து நிமிடம் முந்திய பினாங்கு

தவமணிக்கு அன்று ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பினாங்கின் பாயான் பாரு தொழிற்சாலையில் ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டு அவள் எழுதிய மென்பொருள் அது. பினாங்கிலும் மணிலாவிலும் இருக்கும் பொறியாளர்கள் ஒரே கணினிப் பக்கத்தில், ஒரே நேரத்தில் எழுதலாம். பிற்பகல் மூன்று மணிக்கு மேலிடத்தார் முன்னால் சோதனை. தேறாவிட்டால் திட்டத்துக்கே மூடுவிழா.

இந்த வாரம்தான் மணிலாவை இணைத்தார்கள். பிடித்தது சனி. அங்கிருந்த பொறியாளரான மணிலாக்காரி திருத்தும் வரியெல்லாம் மாயமாகி, பினாங்கின் பழைய வரியே திரும்ப வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. ஒரே வரியை இருவர் தொட்டால், கணினி நேரப்படி எது பிந்தியதோ அது நிற்கும். அதுதான் தவமணி வைத்த விதி. பிறகு ஏன் இந்தக் கூத்து?

"அவங்க லைன் ஸ்லோ லா," என்று பிரிவுத் தலைவர் நாகநாதன் சுலபமாகக் கையை உதறினார்.

தொலைபேசியில் மணிலாக்காரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் சங்கு ஊதியது. பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுச் சங்கு என்றாள் அவள். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். தவமணி தன் கணினியைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து!

"அண்ணே, இந்த டைம யாரு மாத்துனா?"

"நான்தான். சுவர்க் கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருக்கேன். இல்லாட்டி நீங்கள்லாம் சாயங்காலம் பஸ்ஸ விட்டுட்டு நிப்பீங்க." சொன்னதில் பெருமை வேறு.

தவமணிக்குச் சிரிப்பு பீறிட்டது. பினாங்கு எழுதியது எப்போதுமே பிந்தியதாகத் தெரிந்தால் மணிலா எப்படிப் பிழைக்கும்?

"சரி, திருப்பி வெச்சிடறேன் லா," என்றார் அவர் அசடு வழிய.

"வேணாம்ணே. இன்னிக்கு நீங்க, நாளைக்கு மணிலாவுல ஒரு நாகநாதன் இருப்பாரு. கடிகாரத்தையே நம்பக் கூடாது."

கிளினிக்கில் நம்பர் கொடுப்பதுபோல, வந்து சேரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே கணினியிலிருந்து வரிசை எண்; எண் பெரியதோ, அது நிற்கும். சாப்பாட்டை மறந்து எழுதித் தள்ளினாள். நாகநாதனே ஓடிப்போய் நாசி லெமாக் வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

மூன்று மணிக்கு மேலிடத்தார் அறைக்குள் வந்து அமர்ந்தார்கள். மணிலாக்காரி ஒரு வரியைத் திருத்தினாள். வரி நின்றது. அடுத்ததும் நின்றது. நாகநாதனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விசைப்பலகையை இழுத்து, 'பினாங்கு ஆஜர், பத்து நிமிடம் முன்னதாகவே' என்று தட்டினார். அதன் கீழே மணிலாவிலிருந்து வந்து விழுந்தது: 'பரவாயில்லை, நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்.'

இரண்டு வரிகளும் ஒன்றையொன்று அழிக்காமல் நின்றன. மேலிடத்தாரே சிரித்துவிட்டார்கள். தவமணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

கணினிக் கடிகாரம் அப்போதும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.