அரசனின் காது

கல்யாண மாலைக்குப் பத்துக் காசு. ஒன்பதில் துளை போட்டாயிற்று. பத்தாவதை எடுத்த சப்பிராவின் கை அப்படியே நின்றுவிட்டது.

ரோமுக்கு எதிராக எழுந்த யூதக் கிளர்ச்சிக்காரர்கள் அடித்த வெள்ளிக்காசு அது. ரோம அரசன் தலை போட்ட காசின் மேலேயே தங்கள் அச்சை வைத்து அடித்தது. அவர்களின் கடைசிக் கோட்டையான பெத்தார் விழுந்த பிறகு அந்தக் காசைக் கொடுத்தால் கலிலேயாவில் ஒரு முட்டைகூடக் கிடைக்காது. துளை போட்டால் நகை. அதனால் சப்பிரா வேலை செய்யும் ஹனினின் வெள்ளிப் பட்டறைக்கு வந்து சேரும்.

இந்தக் காசில் யாழ் ஓரமாகச் சாய்ந்திருந்தது. அச்சு படாமல் விட்டுப்போன விளிம்பில் அரசனின் காது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கணவன் மத்தான் கடைசியாக வந்துபோனபோது கொடுத்த காசை எடுத்து அருகில் வைத்தாள். அதில் திராட்சைக் குலை. அதே சாய்வு, அதே காது. மத்தான் இடது கைக்காரன்; அவன் அடித்தால் அச்சு இப்படித்தான் சாயும். கிளர்ச்சிக்காரர்களின் அச்சுக்கூடத்தில் சுத்தியல் பிடித்தவன். “எவ்வளவு அடிச்சாலும் இந்த ரோமாக்காரன் காது மட்டும் நம்ம பேச்சை ஒட்டுக் கேக்குதுடி” என்று சிரித்தவன்.

“ஹனின் அண்ணா, இதுல என்ன எழுதியிருக்கு?”

ஹனின் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “எருசலேமின் விடுதலைக்காக.”

“வருஷம்?”

“வருஷம் இல்லம்மா. கிளர்ச்சியோட மூணாம் வருஷம் அடிச்சதுல மட்டும் வருஷமே போடல. எதுக்குக் கேக்குற?” என்றவர் இரண்டு காசுகளையும் சேர்த்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

இரண்டாம் வருஷம், கூடாரப் பண்டிகைக்கு முன்னால், மத்தானைத் தன் கையாலேயே புதைத்ததாகத் துணி வியாபாரி ஒருவன் சாட்சி சொல்லியிருந்தான். அந்த ஒரு சாட்சியை வைத்துத்தான் மதகுருக்களான ரபிகள் அவளை விதவை என்று தீர்த்தார்கள். ஹனினின் தம்பி செமாயாவுக்கும் அவளுக்கும் வரும் புதன்கிழமை கல்யாணம். இந்த மாலையும் அதற்குத்தான்.

“இடது கைக்காரன் ஊருக்கு நாலு பேர் இருப்பான்” என்றார் ஹனின்.

“அந்தக் கூடத்துல ஒருத்தர்தான். அதுக்காகவே அவரை நண்டுன்னு கூப்பிடுவாங்க.”

“ஒரு காதை வெச்சுக்கிட்டு மனுஷன் உயிரோட இருக்கான்னு சொல்லுவியா?”

“உயிரோட இருக்காருன்னு சொல்லலண்ணா. அவன் சொன்ன நாள்ல சாகலன்னு சொல்றேன்.”

“பைத்தியக்காரி! இதை ரபிகிட்ட சொன்னா, நீ இன்னும் மத்தான் பொண்டாட்டிதான், வேற கல்யாணம் கூடாதுன்னு உன்னைத் திரும்பக் கட்டிப் போட்டுடுவாங்க. அவிழ்க்க ஆளே வராது. உருக்கிடுவோம், குடு. நானும் பாக்கல, நீயும் பாக்கல.”

உலையில் கரி சிவந்திருந்தது. அவர் நீட்டிய கையை அவள் பார்த்தாள். செமாயா நல்லவன், அவளுக்காகப் புது வீட்டுக்குச் சுண்ணாம்புகூட அடித்துவிட்டான். ஆனால் சாட்சி சொன்ன நாளுக்கு அப்புறமும் மத்தான் எங்கோ ஒரு காலையில் எழுந்திருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான், சுத்தியலை ஓங்கியிருக்கிறான். யாராவது நண்டே என்று கூப்பிட்டிருப்பார்கள். அந்த நாட்களை எப்படி உருக்குவது?

இரண்டு காசுகளையும் ஒரே முடிச்சில் போட்டு இறுக்கினாள்.

“செமாயாகிட்ட நானே சொல்லிக்கிறேண்ணா” என்று எழுந்தாள். “அப்புறம் ரபி வீட்டுக்குப் போகணும்.”

ஒன்பது காசும் பலகையில் கிடந்தன. துளையிடும் ஊசியைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.