அளவு உடம்பு

திரைக்குப் பின்னால் உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். உள்ளே சுற்றியிருந்த பட்டைகளை இரண்டு கைகளாலும் தடவிச் சரிசெய்தாள். மார்பைச் சுற்றி ஒன்று, இடுப்பில் மடித்துப் போட்டது ஒன்று, அதற்குக் கீழே குட்டைப் பாவாடை மாதிரி ஒன்று. மூன்றும் சாம்பிள் அறையின் கழிவுக் கூடையிலிருந்து எடுத்த துண்டுத் துணியில் அவளே தைத்தவை.

“ஏம்மா மீடியம், உள்ள போய்த் தூங்கிட்டியா?” என்று, உடுப்புகளின் அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டரின் குரல் வந்தது.

“வந்துட்டேன் மாஸ்டர்.”

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மீடியம் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை என்னவோ சாம்பிள் தையல்தான். ஆனால் அவள் சேர்ந்த புதிதில் ஒருநாள் மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து, கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, மார்பு, இடுப்பு, அதன் கீழ் என்று அளந்துவிட்டு, “அட, அளவு சார்ட்ல இருந்து எறங்கி வந்த மாதிரி இருக்கியே” என்றாள். அன்றிலிருந்து அங்கே தயாராகும் எந்தப் பெண்கள் உடுப்பும் முதலில் அவள் உடம்பில் ஏறி இறங்கியது. அறையின் மூலையில் ஒரு பொம்மை உடம்பும் நின்றது. பொம்மை மூச்சு விடாது, உட்காராது, கையைத் தூக்காது என்று மாஸ்டர் அதைத் தொடுவதில்லை. மற்ற சாம்பிள் டெய்லர்கள் அதன்மேல் தங்கள் குடைகளை மாட்டி வைத்தார்கள்.

இந்த முறை டபுள் நிட் கவுன். இரண்டு வரிசை ஊசிகள் ஒரே நேரத்தில் பின்னி, இரண்டு துணியை ஒன்றோடொன்று பூட்டிவிட்ட துணி அது. பனியன் துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று இருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் முன்பக்கம்தான். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். இது வெட்டிய இடத்தில் அப்படியே படுத்துக் கிடக்கும், நூல் பிரியாது. உடம்போடு ஒட்டாது, தன் வடிவத்தைத் தானே வைத்துக்கொள்ளும். கோட்டு, கால்சட்டை, அலுவலகம் போகும் பெண்களின் கவுன் எல்லாம் இதில் நன்றாக வரும். அவள் ஓய்வாக இருக்கும்போது ஒரு துண்டை எடுத்து நகத்தால் இரண்டு அடுக்கையும் பிரிக்கப் பார்ப்பாள். இரண்டு இருப்பது கண்ணுக்குத் தெரியும். பிரிக்க மட்டும் வராது.

பட்டைகளுக்கு அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை, அதனால் மேலே கோடு தெரியாது. கனமான துணி, கை வைத்தால் சதை மாதிரியே இருக்கும்.

அவள் இளைத்துப்போயிருந்தாள். வியாதி ஒன்றும் இல்லை. தங்கை கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் அறையில் சமைப்பது குறைந்துவிட்டது. ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைப்பது ஏதோ யாரும் இல்லாத அறையில் சத்தமாகப் பேசுவது போல அவளுக்கு வெட்கமாக இருந்தது. நின்றபடி ஒரு ரொட்டியைக் கடித்துக்கொண்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். இருவரும் படுத்த கட்டிலில் தங்கை படுக்கும் சுவர்ப்பக்கம் இன்னும் காலியாகவே இருந்தது. தூக்கத்தில்கூட அவள் அந்தப் பக்கம் நகர்வதில்லை.

மாஸ்டர் ஒவ்வொரு மாதமும் டேப்பை வைத்துப் பார்ப்பாள். ஒரு மாதம் டேப் தளர்ந்தது. “என்னம்மா, எறங்கிட்டே போற? பார்த்துக்கோ. அப்புறம் நான் வேற ஆளைத் தேடணும்” என்றாள் மாஸ்டர், சிரித்துக்கொண்டுதான். அன்று மாலையே அவள் கழிவுக் கூடையைக் கிளறினாள்.

இப்படி உடுப்புப் போட்டு நிற்பதற்குக் கூடுதல் சம்பளம் எதுவும் கிடையாது. பிறகு ஏன் பட்டை தைத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் காரணம் சொல்லியிருக்க முடியாது. மாஸ்டர் அவளை ஒரு சிறிய மேடையில் ஏற்றி, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாள். தோளை இரண்டு விரலால் பிடிப்பாள். முதுகுத் தண்டு நெடுக உள்ளங்கையை இறக்குவாள். “திரும்பு” என்று இடுப்பைத் தொட்டுத் திருப்புவாள். துணியைத்தான் தொடுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். மாஸ்டரின் கண் துணியின்மேல்தான் இருக்கும். ஆனாலும் மற்ற நாட்கள் முழுக்க, பேருந்தில் கூட்டம் இடித்தால் ஒழிய, அவள்மேல் இன்னொரு கை படுவதில்லை. அந்த மேடையில் நிற்கும் சிறிது நேரத்தில் அவளுடைய தோள் எங்கே முடிகிறது, முதுகு எங்கே வளைகிறது என்று அவளுக்கே திரும்ப ஞாபகம் வந்தது.

கவுனைப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கி வந்து மேடையில் ஏறினாள். மாஸ்டர் முதலில் டேப்பை வைத்தாள். மூன்று இடத்திலும் அளவு சரியாக இருந்தது. மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

“முதுகுல ஏன் இப்படிப் பொங்குது?” என்றாள் மாஸ்டர், ஊசிகளுக்கு நடுவே. “அக்குள்கிட்டயும் பை மாதிரி நிக்குது. போன கவுன் உனக்கு இப்படி வரலையே.”

டேப் போகும் இடங்களுக்கு மட்டும்தான் அவள் பட்டை தைத்திருந்தாள். முதுகின் மேற்பகுதியையோ தோளையோ யாரும் அளப்பதில்லை. அங்கே எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

“இந்தத் துணி அப்படியோ என்னவோ மாஸ்டர்,” என்றாள். “வெறைப்பா இருக்குல்ல.”

மாஸ்டர் யோசித்தாள். அளவு சரியாக இருக்கிறது. அப்படியானால் தான் வரைந்த பேட்டர்னில்தான் துணி மிச்சம். ஒவ்வொரு ஊசியாக வாயிலிருந்து எடுத்து முதுகிலும் அக்குள் வளைவிலும் மிச்சத்தைப் பிடித்தாள். “கையை முன்னால நீட்டு” என்றாள். நீட்டினாள். எங்கும் இழுக்கவில்லை. “ம்ம். அழகா உக்காந்துடுச்சு” என்று மாஸ்டர் அவள் முதுகில் தட்டினாள்.

ஊசி பிடித்த அளவுக்குக் கவுன் தைக்கப்பட்டு, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் அட்டையும் வெட்டப்பட்டது. வாங்குகிறவர்களின் சார்பில் வந்த அம்மாள் அவளை நடக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள்.

துணி வந்து இறங்கியது. டபுள் நிட்டை ரோலில் இருந்து எடுத்தவுடன் வெட்டக் கூடாது. இறுக்கிச் சுற்றியதில் இழுபட்டுக் கிடக்கும்; அப்படியே வெட்டினால் தைத்த பிறகு சுருங்கி, உடுப்பு ஆளையே கேலி செய்யும். அதனால் ரோல்களைப் பிரித்து, நீள மேசைகளில் தளர்வாக மடித்து மடித்துப் போட்டு ஒருநாள் விட்டுவிடுவார்கள். கட்டிங் பிரிவில் அன்றைக்கு யாரும் சத்தமாக நடக்கக்கூட மாட்டார்கள். “தொட்டா கையை ஒடிச்சுடுவேன், குழந்தை தூங்குது” என்பார் கட்டிங் மாஸ்டர்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் லைனில் காலர் தைக்கும் பெண் சாம்பிள் அறைக்குள் நுழைந்தாள். அவளுக்கு வாயாடி என்று பெயர். கண்ணில் பட்டதையெல்லாம் போட்டுப் பார்க்கும் ஆசை. மாட்டியிருந்த கவுனைத் தன் உடுப்புக்கு மேலேயே போடப் போனவளைப் பார்த்து, “அடியே, கழட்டிட்டுப் போடு, கிழிச்சு வைக்காதே” என்று பக்கத்து மேசை அக்கா திரைக்குள் தள்ளினாள்.

வெளியே வந்தபோது முன்னால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. “எப்படி? நானும் சார்ட்ல இருந்து எறங்கின மாதிரி இருக்கேனா?” என்று கேட்டவள் கையை நீட்டிச் சுழலப் பார்த்தாள். கை பாதியில் நின்றது. மறுபடி முயன்றாள். தோள் இரண்டும் பின்னால் இழுபட, மார்பு முன்னால் தள்ளிக்கொண்டு, அவள் கோழி மாதிரி நின்றாள்.

“ஐயோ, கட்டிப்போட்டுடுச்சுக்கா! மூக்கு அரிச்சாகூடச் சொறிய முடியாது போல!”

அறை முழுக்கச் சிரித்தது. “தின்னுற தீனி அப்படி. நீ மீடியமா, வாயாடி?” என்றாள் பக்கத்து மேசை அக்கா. வாயாடி விடவில்லை. மேசையிலிருந்த டேப்பை எடுத்துத் தன்னைத் தானே அளந்து எல்லோருக்கும் காட்டினாள். மூன்று இடத்திலும் மீடியம். மார்பும் இடுப்பும் சரியாகவே உட்கார்ந்திருந்தன. முதுகுதான் நெகிழ்ந்து கொடுக்கவில்லை. பனியன் துணியாக இருந்திருந்தால் இழுபட்டுக் கொடுத்திருக்கும். இது கொடுக்காது.

சிரிப்பு அடங்கி எல்லோரும் கை கழுவப் போனார்கள். மீடியம் மட்டும் தன் மிஷின்முன் உட்கார்ந்திருந்தாள். கவுன் மறுபடி ஆணியில் தொங்கியது. நாளைக் காலை மேசையில் கிடக்கும் துணியில் கத்தி இறங்கும். எங்கோ, அவள் பார்க்கவே போகாத ஊர்களில், சரியான உடம்புள்ள பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கதவைத் திறக்கப் போவார்கள், ஒரு குழந்தையைத் தூக்கக் குனிவார்கள், முடியாது. தங்கள் உடம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்குத் தெரிந்து, உடுப்பைக் குறை சொல்கிற பெண்கள் குறைவு.

சொன்னால் மேடை போய்விடும். வேலை போகாது, திட்டு விழும், அவ்வளவுதான். மேடை போய்விடும் என்பதை அவள் மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மாலை தங்கை போனில் கூப்பிட்டாள்.

“சாப்பிட்டியாக்கா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்டே?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பொய் சொல்வதற்கு ஒரு சாப்பாட்டின் பெயர்கூடச் சட்டென்று வரவில்லை.

“லைன்ல இருக்கியா? ஹலோ?”

“இருக்கேன். நீ சாப்பிட்டியா?”

தங்கையின் பின்னால் யாரோ சிரித்தார்கள், பாத்திரம் ஒன்று விழுந்தது. “இரு இரு, அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

காலையில் கட்டிங் மாஸ்டர் மேசைகளைச் சுற்றி நடந்து, புறங்கையால் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி அவள் சாம்பிள் அறைக்குப் போனாள். பேட்டர்ன் மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கவுனை இன்னொரு தடவை போட்டுக் காட்டவா மாஸ்டர்?”

“எதுக்கு? அதான் ஓகே ஆயிடுச்சே. கல்யாணப் பொண்ணு மாதிரி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பியா?”

அவள் கவுனை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கவுனைப் போட்டுக்கொண்டாள். மூன்று பட்டைகளையும் மடித்து எடுத்துவந்து மாஸ்டரின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேடையில் ஏறி நின்றாள்.

கவுன் தன் வடிவத்தைத் தானே வைத்துக்கொண்டது. மார்பும் இடுப்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, உள்ளே ஆள் இல்லாமல். முதுகில் மட்டும் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

மாஸ்டர் எழுந்து வரவில்லை. ஒரு பட்டையை எடுத்து விரித்து, ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள். வெளியே கட்டிங் கத்தியை ஓட்டிப் பார்க்கும் சத்தம் ஒருமுறை எழுந்து அடங்கியது. அதைக் கேட்டதும்தான் மாஸ்டர் போனை எடுத்துக் கட்டிங் பிரிவைக் கூப்பிட்டாள்.

“வெட்டாதீங்க... ஆமா. முதுகுல தப்பு... இல்லைங்க, துணி நல்லாத்தான் இருக்கு. நான் வரைஞ்சதுதான். சாயந்திரம் புது அட்டை தரேன். கத்துறதுன்னா அப்புறம் வந்து கத்துங்க.”

போனை வைத்துவிட்டு மேடைக்கு வந்தாள். டேப்பை எடுக்கவில்லை. கவுனின் இடுப்புப் பக்கம் ஒரு கையை வைத்து அமுக்கினாள். துணி உள்ளே போய்க்கொண்டே இருந்து, வெகு தாமதமாக அவள் உடம்பைத் தொட்டது. மாஸ்டரின் முகத்தில் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

“எவ்ளோ நாளா?”

“தங்கச்சி போனதுலேர்ந்து.”

மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டாள். மேசையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக் கவ்விக்கொண்டாள்.

“நேத்து யாரோ போட்டுப் பார்த்துக் கூத்தடிச்சாளாமே. அவளைக் கூட்டிட்டு வா.”

அவள் கவுனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு லைனுக்குப் போய் வாயாடியைக் கூட்டிவந்தாள். வழி நெடுக, “எதுக்குக்கா? திட்டப்போறாங்களா? நான் கிழிக்கலை, சத்தியமா” என்று வாயாடி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கவுனைப் போட்டுக்கொண்ட வாயாடிக்கு மேடையில் நிற்கத் தெரியவில்லை. மாஸ்டரின் விரல் பட்ட இடமெல்லாம் கூச்சம் என்று நெளிந்தாள். “அசையாதே. ஊசி ஏறும்” என்று மாஸ்டர் அதட்டினாள். முதுகுத் தையலையும் அக்குள் தையலையும் பிரித்துவிட்டு, தடுக்கிற இடத்தைத் தேடினாள். “கையை நீட்டு. அப்படி இல்லை. வெறும் காத்துல நீட்டினா யாரும் முழுசா நீட்ட மாட்டீங்க.” சுற்றிப் பார்த்தாள். சுவரோரமாக நின்றிருந்தவளைப் பார்த்தாள். “இங்க வா. இவ முன்னால நில்லு.”

அவள் போய் நின்றாள்.

“அவளைச் சுத்திப் பிடி,” என்றாள் மாஸ்டர் வாயாடியிடம். “நல்லா. முதுகுல ரெண்டு கையும் சேரணும்.”

வாயாடி சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மிஷின் எண்ணெய் வாசனையும் ஈரத் தலைமுடி வாசனையும் வந்தன. “ஐயே, என்னக்கா இது, எலும்பா குத்துது” என்று காதோரம் சொன்னவளின் சிரிப்பு மெல்ல நின்றது. மாஸ்டர் பின்னால் நின்று தையல் எவ்வளவு விரிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடாதே,” என்றாள், ஊசிகளைக் கவ்விய வாயால். “இன்னும் பார்க்கணும்.”

தன் இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவை தொடையோரம் தொங்கின. கொஞ்சம் மேலே வந்தன. வாயாடியின் முதுகில் பிரித்துவிட்ட தையலின் இரு ஓரமும் சுருளாமல் நூல் பிரியாமல் திறந்திருக்க, அதற்குக் கொஞ்சம் தள்ளி, துணியைத் தொட்டும் தொடாமலும் நின்றன.