மாலை நேரப் பழுது

வண்டி வந்துவிட்டது என்று காவலாளி போனில் சொன்னதும் மகள் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தாள். உச்சி மாடியிலிருந்து. அம்மா ஒன்றும் கேட்காமல் பின்னால் இறங்கினாள். மூடிய கதவுகளுக்குப் பின்னால் குக்கர் சத்தம், டிவி சத்தம், கணினியில் யாரோ பாடம் நடத்தும் குரல். ஒரு கதவும் திறக்கவில்லை. கனவில் வரும் படிகள் மாதிரி இறங்க இறங்க இன்னும் இருந்தன.

அப்பாவின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் ஆஸ்பத்திரி வண்டி கேட்டில் நின்றதே ஓட்டுநரின் தயவு. கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். உறைக்குள் எது தலை, எது கால் என்று தெரியவில்லை.

"தொடாதீங்கம்மா," என்றார் ஓட்டுநர்.

வண்டி கிளம்பியது. கை அசைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், பாதி தூக்கிய கையால் மகள் தலையைச் சொறிந்துகொண்டாள்.

காவலாளி தள்ளி நின்று பேசினார். "தங்கமான மனுஷன். ஆனா ஒண்ணு பாருங்க, அவரு இருந்த வரைக்கும் தெனம் சாயங்காலம் லிஃப்டு மக்கர் பண்ணும். அவரு ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து ஒரு நாள் நின்னதில்ல. டாக்டர் போனதும் நோயாளி தேறிட்டான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளைப் பார்த்ததும் அது நின்றது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்; ஊரில் மற்ற லிஃப்டுகளையும் பார்ப்பார். மோட்டார் அறையை ஒட்டித்தான் வீடு. ஊரடங்கு வந்த புதிதில் மகள் புலம்பினாள். பிறகு புலம்புவதையும் விட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். சடை சிக்குப் பிடித்து ஒரே கட்டியானது.

"கொஞ்சம் வெளிய விடுடி," என்பார் அவர் அம்மாவிடம்.

"உசுரு இருந்தாத்தான் மத்ததெல்லாம்."

"அங்க படுத்திருக்கே, அதுக்குப் பேரு உசுரா?"

அம்மா எழுந்துபோய் வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவர் மகளைக் கூட்டிப்போக ஆரம்பித்தார். சாயங்காலம் மோட்டார் நின்றுவிடும். வீடு தண்ணீருக்குள் இறங்கியதுபோல் இருக்கும். அம்மா ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். சில நாளில் மகள் தலை சீவினாள். கைக்கு வேலை கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று அம்மா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

வண்டி போனபின் திரும்ப ஏறும்போது மகள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டார்ச்செல்லாம் பிடிக்கலம்மா. பழுதுன்னு பலகைய மாட்டிட்டு, ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திடுவாரு. நானும் மூணாவது மாடிக்காரியும் பேசிட்டிருப்போம். யாரும் பாத்துடக் கூடாதுன்னு கதவு மூடியே இருக்கும். அப்பா மூலையில உக்காந்து குறட்டை விடுவாரு."

அம்மா ஒரு படி கீழே இறங்கி அவள் எதிரில் நின்றாள்.

"அவளுக்கு லேசா சளி இருந்துச்சு. தூசின்னு சொன்னா." மகள் படியின் விளிம்பைச் சுரண்டினாள். "என்னாலயாம்மா?"

ஊரே காற்றுக்குப் பயந்து கிடக்க, இந்த மனுஷன் காற்றே புகாத பெட்டியாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். திட்டுவதற்கு ஆள் இல்லை. ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேருக்குப் போனவர், எங்கே ஒட்டியதோ என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம்.

"தெரியலடி," என்றாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பொய்யைத்தான் எதிர்பார்த்திருப்பாள் போல.

"யாருக்கும் தெரியாது. எந்திரி."

வீட்டுக்குப் போனதும் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தனிமையில் இருக்கச் சொன்ன நாட்கள் முடிந்த பிறகும் அப்படியே கிடந்தாள். சடை மறுபடி கட்டியானது. மோட்டார் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்த பலகையையும் அவருடைய இரும்புக் கருவிப் பெட்டியையும் எடுத்தாள். மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு இறங்கினாள். பலகையை மாட்டினாள். லிஃப்டை வரவழைத்து, கதவுக்கு நடுவில் பெட்டியை வைத்தாள். மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, எதிர்க் கதவைத் தட்டினாள்.

தோழி முகக்கவசத்தோடு எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. "நான் வரலாமா ஆன்ட்டி?"

"வெளியவே உக்காரு. அங்கேருந்தே பேசு."

அம்மா படியில் உட்கார்ந்தாள். கட்டடம் தண்ணீருக்குள் இறங்கியது. தோழி தன் வாசற்படியில் உட்கார்ந்தாள். லிஃப்ட் கதவு மூட வந்து, பெட்டியைத் தொட்டு, திறந்தது. மறுபடி மூட வந்து, தொட்டு, திறந்தது.