ஒரே எண் பரோலோ

வலன்ரைனின் கையை உடைத்தவன் நான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அவன் வேறு யாருமல்ல, என் தங்கை றெஜினாவின் புருசன்.

ஞானேந்திரன் லாசாலில் கிடங்கு வைத்திருந்தான். மலிவு வைனுக்குப் பரோலோ என்று லேபிள் ஒட்டி மொன்றியல் உணவகங்களுக்கு விற்பான். இத்தாலியில் குறிப்பிட்ட சில ஊர்களில் விளைந்த திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம், அது சட்டம். அதற்குச் சாட்சியாக அரசாங்கம் கொடுக்கும் இளஞ்சிவப்புத் தாள் நாடா ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் இருக்கும். அந்த நாடாவைக் கள்ளமாய் அடித்துக் கொடுத்தவன் நான். ஒட்டியவன் வலன்ரைன்.

நான் கலியாண அட்டை அடிக்கிறவன். ஒரு தகடு, ஆயிரம் பிரதி. எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். மாதிரி நாடாவில் இருந்த எண்ணையும் அப்படியே அடித்துவிட்டேன். போத்தலுக்குப் போத்தல் எண் மாறவேண்டும் என்று வலன்ரைன் சொன்னான். கோயில் லொத்தர் ரிக்கெற்றிலேயே நம்பர் மாறுகிறதே என்று கேலியும் செய்தான். கழுத்தை எவன் பார்க்கப்போகிறான் என்றேன்.

டோர்வலில் ஒரு உணவகக்காரன் பார்த்தான். இரண்டு போத்தல்களை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லிவிட்டான்.

சேதி தெரிந்த அன்று மத்தியானமே ஞானேந்திரன் எங்கள் இருவரையும் கிடங்குக்குள் வைத்துக் கதவைப் பூட்டினான். ஒரு பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பிறகு என் கன்னத்தில் அறைந்து, எண் பிழையானது யாரால் என்று கேட்டான். வாயெல்லாம் இரத்தம். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. வலன்ரைன்தான் அப்படி அடிக்கச் சொன்னான் என்றேன். வலன்ரைன் என்னைப் பார்த்தான், வாய் திறக்கவில்லை.

ஞானேந்திரன் அவனை மேசையில் குப்புறத் தள்ளி வலக்கையை இழுத்துப் பிடித்தான். நிறை போத்தல் ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"நீ சொன்னது உண்மை எண்டா நீயே அடி."

அடித்தேன். எலும்பு முறிந்தது கேட்டது. இன்னொருக்கால் என்றான். அடித்தேன். போத்தல் உடைந்து, கண்ணாடி அவன் உள்ளங்கைக்குள் இறங்கியது. வலன்ரைன் மாடு போலக் கத்தினான்.

ஞானேந்திரன் போனபிறகு என் சட்டையைக் கிழித்து அவன் கையைச் சுற்றினேன். உண்மையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது, கேட்டேன்.

"சொல்லியிருந்தா போத்தலை என்ரை கையில தந்திருப்பான், மச்சான்," என்றான். "பேந்து றெஜினாவின்ரை முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"