நாலாம் நம்பர் படுக்கை

ஆங்கிலேயத் துறைமுக ஊரான பூட்டிலில், வெளுத்த உடம்போடு குதிரைப் பந்தயத்துக்குப் போகிற பெண்ணைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டும். ஏப்ரல் மாதக் குளிரில் கையில்லாத கவுனும் குதிகால் செருப்பும் போட்டு நடுங்கினாலும் பரவாயில்லை, தோல் மட்டும் பொன்னாக இருக்க வேண்டும். அங்கே வெயில் வருவதே அபூர்வம் என்பதால் அந்தப் பொன்னெல்லாம் செயற்கை வெயில் விற்கும் கிளினிஸின் கடையில்தான் உருவானது. பந்தய வாரத்தில் அவளுக்கு நின்று தேநீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது.

கடையில் ஆளை உள்ளே படுக்கவைத்து மூடும் படுக்கைகள் ஐந்து. மேலும் கீழும் டியூப் லைட் போல நீளமான டியூப்கள். பார்க்க எல்லாம் ஒன்றுதான், சமாசாரம் உள்ளே இருக்கிறது. டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி கிளம்பும். கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி வேறு ஒளியாக மாற்றி வெளியே விடும். என்ன பொடி என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கதிர் எவ்வளவு என்பது. ஒரு கதிர் மேல்தோலைச் சுட்டுச் சிவக்கவைத்துப் புது நிறத்தை வரவழைக்கும். இன்னொன்று சத்தமில்லாமல் ஆழத்துக்கு இறங்கி, ஏற்கனவே இருக்கிற நிறத்தைக் கறுக்கவைக்கும். முகத்துக்கு மேலே தனியாகக் குட்டி விளக்குகள் உண்டு. அவை பொல்லாதவை, நீலக் கண்ணாடித் தடுப்பில்லாமல் எரியவே கூடாது. அந்தத் தடுப்பில் விரிசல் இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளினிஸ் கடையைத் திறப்பாள்.

டியூபுக்கும் வயசாகும். ஆனால் வயசானது முகத்தில் தெரியாது. ஊதா வெளிச்சம் புதுசு போலவே பளபளவென்று இருக்கும், தோலுக்கு வேலை செய்கிற கதிர் மட்டும் குறைந்துகொண்டே போகும். இது கடைக்காரிக்குத்தான் தெரியும், உள்ளே படுத்திருப்பவளுக்குத் தெரியாது.

இந்த ஒன்றை வைத்துத்தான் கிளினிஸ் தன் சிநேகிதி பெர்னியை ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

பெர்னி பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்தவள். செம்பட்டைத் தலை, பால் நிறம், அதைச் சாகிற அளவுக்கு வெறுக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கெண்டைக்காலில் இருந்த மச்சம் புற்று என்று தெரிந்து வெட்டி எடுத்தார்கள். இனிமேல் இந்தப் படுக்கைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். கிளினிஸும் கண்டிப்பாக மறுத்தாள். பெர்னி நேரே அடுத்த தெருக் கடைக்குப் போய், அங்கிருந்த பையன் ஒன்றுமே கேட்காததால் அந்தக் கடைப் படுக்கையில் படுத்துவிட்டு வந்தாள். அழுது பார்த்தும் பிரயோஜனமில்லை என்றானதும், கிளினிஸ் நாலாம் நம்பர் படுக்கைக்கு, ஆயுசு முடிந்து கழற்றிய டியூப்களையெல்லாம் திரும்ப மாட்டி, "சரி வாடி, இங்கயே வா" என்றாள். வேறு யாரையும் அதில் விடுவதில்லை. செத்த டியூப் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் மற்ற படுக்கைகளுக்குப் புது டியூப் மாட்டினாள். புதுசு பொல்லாதது, பழைய நேரத்துக்குப் படுத்தால் தோல் உரிந்துவிடும். எவ்வளவு நேரம் குறைப்பது என்று பார்க்க, சரக்குக் கொடுப்பவரிடம் ஒரு மீட்டரை இரவல் வாங்கியிருந்தாள். இரண்டு கதிரையும் தனித்தனியே காட்டும் மீட்டர். வேலை முடிந்ததும் சும்மாதான் நாலாம் நம்பரிலும் வைத்துப் பார்த்தாள்.

சுடுகிற கதிர் ஏறக்குறைய இல்லை. ஆழத்துக்கு இறங்குகிற கதிர் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

மீட்டரை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள், அதேதான். பெர்னியின் தோல் சிவக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்தாள். எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றிவிட்டுத் திருடனை உள்ளே விட்டிருக்கிறாள்.

மறுநாள் பெர்னி தலையில் முடி சுருட்டும் ரோலர்களோடு வந்தாள்.

"நாலு தயாரா?"

"நாலு மூடியாச்சு. உக்காரு, உங்கிட்ட பேசணும்."

"பேச்செல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை ரேஸ். நான் போய் நின்னா குதிரையே மிரளும், அவ்ளோ வெளுப்பா இருக்கேன்."

கிளினிஸ் சொன்னாள். பழைய டியூப், ஏன் மாட்டினாள், மீட்டர் என்ன காட்டியது, எதையும் மறைக்கவில்லை. பெர்னி திட்டுவாள் என்று எதிர்பார்த்துக் கையைப் பிசைந்தபடி நின்றாள்.

பெர்னி திட்டவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையின் இடுப்பைக் கொஞ்சம் இறக்கினாள். இடுப்பெலும்பின் மேல் சின்ன இதய வடிவ ஸ்டிக்கர். நிறம் ஏறுகிறதா என்று பார்க்க அங்கே எல்லாப் பெண்களும் ஒட்டிக்கொள்வதுதான். அதை உரித்தாள். அடியில் இருந்த தோலுக்கும் சுற்றியிருந்த தோலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆழத்துக்கு இறங்குகிற கதிர் கறுக்கவைக்க அந்தப் பால் தோலில் நிறமே கிடையாது.

"அப்ப டியூப்தானா?"

"ஆமாண்டி."

"ஆறு மாசமா வாரா வாரம் புதுசு ஒட்டி ஒட்டிப் பாக்கறேன். கலர் ஏறவே இல்ல. தோலு செத்துப்போச்சுன்னு நெனச்சேன், கிளின். அந்த வியாதி திரும்பி வந்துடுச்சு, உள்ள எல்லாம் பரவிடுச்சு, அதான் இப்படின்னு."

"ஐயோ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நிஜமாயிடும்ல." பெர்னி ஸ்டிக்கரை விரலில் உருட்டினாள். "ஆஸ்பத்திரில செக்கப்புக்கு வரச் சொன்னாங்க. ரெண்டு தடவை. நான் போகல. என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத்தான் தெரியுமேன்னு."

காப்பாற்றுவதாக நினைத்த ஆளை கிளினிஸ் கதிருக்கும் கொடுத்து, டாக்டரிடம் போகாமலும் தடுத்திருக்கிறாள்.

போய்க் கதவைப் பூட்டி, 'கடை மூடியுள்ளது' என்ற பக்கம் தெரியும்படி பலகையைத் திருப்பிவைத்தாள். வெளியே ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

"எனக்குப் பதினொரு மணிக்கு புக் ஆயிருக்கு."

"இன்னிக்குக் கடை இல்லம்மா."

"வெள்ளிக்கிழமை ரேஸாச்சே?"

"தெரியும்மா. இல்ல."

ஆஸ்பத்திரி போன் எண்ணை கிளினிஸே போட்டாள். வரிசையில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டு ஓடியது. இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பெர்னி காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீயும் வரணும்."

"வரேன்."

"உள்ள டாக்டர் ரூம் வரைக்கும்."

"வரேண்டி."

பாட்டு சட்டென்று நின்று ஒரு பெண்குரல் பெயரைக் கேட்டது. பெர்னி போனைக் கையில் எடுத்தாள், இன்னொரு கையை கிளினிஸ் பக்கம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கோ. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத."

கிளினிஸ் பிடித்துக்கொண்டாள்.