பிரீசரில் வைத்த இன்சுலின்

“ஊசியை எங்கயாவது ஒளி, பத்மா. அவையள் லிப்டில ஏறிட்டினம்,” என்றார் என் கணவர் நாகேந்திரம்.

எங்கள் மகள் மேனுகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். சின்ன வயதிலேயே அவளுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சலரோகம், வந்துவிட்டது. சாப்பிடுமுன் இன்சுலின் போட்டுக்கொள்வாள், வேலைக்குப் போவாள், பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஓடுவாள். ஆனால் சலரோகம் உள்ள பெண் என்று தெரிந்தால் எங்கள் சனத்தில் ஒருவரும் கட்டமாட்டார்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு இன்சுலினுக்கு ஏன் மசிய மறுக்கிறது என்று தலை நரைக்கும்வரை ஆராய்ந்த பேராசிரியர். நீரிழிவு வெட்கப்படவேண்டிய நோயல்ல என்று கொழும்பில் நான் முழங்காத மேடை இல்லை. அந்த மகா விஞ்ஞானிதான் மகளின் இன்சுலின் பேனாவை வெறும் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் போட்டு, பிரீசருக்குள் தள்ளிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தது.

வாசலில் மாப்பிள்ளையின் தாய் மங்களேஸ்வரி. சலரோகத்துக்கு மருந்தெடுக்க மாதந்தோறும் என் கிளினிக்குக்கு வருபவர். “வீட்டு ஆக்களுக்கே தெரியாது டொக்டர், மகனுக்குப் பொம்பிளை பாக்கிறம்,” என்று போன முறையும் கெஞ்சியவர். தரகர் என் கணவரின் பெயரை மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கணம் வெலவெலத்துப்போய், பிறகு என்னை முன்பின் கண்டிராதவர் போலக் கும்பிட்டார். நானும் அப்படியே கும்பிட்டேன்.

பலகாரத் தட்டைத் தொடாமலே அவர் கேட்டார்: “பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே? எங்கட பரம்பரையில சலரோகம் எண்ட பேச்சே இல்லை.”

“சீச்சீ, ஒண்டும் இல்லை,” என்றார் நாகேந்திரம். நான் தலையாட்டினேன். மாநாடுகளில் பொன்னாடை போர்த்தும்போது குனிகிற அதே தலை.

பலகாரம் சாப்பிடுமுன் ஊசி போட மேனுகா குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த ஐஸ்கிறீம் டப்பா.

“அம்மா, உறைஞ்ச இன்சுலின் உதவாதெண்டு உங்களுக்குத் தெரியாதே?” குரலில் கோபம் இல்லை. பிறகு மங்களேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். “எனக்குச் சின்னனில இருந்து சலரோகம், அன்ரி. புது ஊசி வாங்கிக்கொண்டு வந்துதான் நான் சாப்பிடலாம். பார்மசி கிட்டத்தான். நீங்கள் சாப்பிடுங்கோ.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். உறைந்த இன்சுலின் உதவாது. மாணவர்களுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

அவள் திரும்புமுன் அவர்கள் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை போனில் வாகனம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு பெரிய விசயத்தை மறைச்சுப்போட்டியளே,” என்றார் மங்களேஸ்வரி, என் முகத்தைப் பார்க்காமல்.

என் நாக்கு நுனியில் ஒரு வசனம் இருந்தது. நோயாளியின் கதையை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம். விழுங்கிவிட்டேன். அதற்குப் பெருமைப்படவும் முடியவில்லை. அவரைப்போல நானும் மறைத்தவள்தானே.

அடுத்த கிளினிக் நாளில் மங்களேஸ்வரி வந்தார். குளிசை இனிப் போதாது, இன்சுலின் தொடங்கவேண்டும் என்றேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“மகனுக்கு வேற இடம் பொருந்தி வருது, டொக்டர். மருமகள் வந்தா பிரிட்ஜைத் திறப்பாள்தானே. இதை எங்க ஒளிக்கிறது?”

இந்தத் துறையில் எனக்கு இப்போது அனுபவம் இருந்தது.

“திறந்தவுடன தெரியிற மாதிரி முன் தட்டில வையுங்கோ,” என்றேன். “என்ர மகள் இப்ப அங்கதான் வைக்கிறவள். ஒளிச்சு வைச்சா அது பழுதாப்போகுது.”