பேச்சி மைனியின் போன் திறந்துவிட்டது

எங்கள் லைன் வீடுகளில் கம்ப்யூட்டர் படிப்பு என்றால் மின்சாரம் பாயும் எல்லாவற்றையும் சரியாக்கும் படிப்பு. பிடெக் மூன்றாம் ஆண்டுக்கு வருவதற்குள் என்னிடம் மிக்சி வந்தது, டிவி பெட்டி வந்தது, யாரோ அயர்ன் பாக்ஸைக்கூடக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றும் சரியாகவில்லை. ஆனாலும் என் பெயர் கெடாமல் அப்பா பார்த்துக்கொண்டார். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறார். "நம்ம ஷிஜா கம்ப்யூட்டர் இன்ஜினீயராக்கும்" என்று மாவை வீசிக்கொண்டே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார்.

அவர் பீற்றிக்கொள்ள ஒரே ஒரு நியாயமான காரணம் இருந்தது. சித்தி மகள் கல்யாணப் போட்டோக்களை அப்பா கைதவறி மெமரி கார்டிலிருந்து அழித்துவிட்டார். சித்தி மண்ணை வாரித் தூற்றாத குறை. அப்போதுதான் வகுப்பில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் முடிந்திருந்தது. ஒரு கோப்பை அழித்தால் அது இருக்கும் விலாசம்தான் போகும், கோப்பு உடனே போய்விடாது. கார்டை லேப்டாப்பில் செருகி, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டு, மாப்பிள்ளையின் சித்தப்பா தூங்கும் போட்டோ உட்பட எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். "அழிஞ்சதுன்னு ஒண்ணு கிடையாதுப்பா" என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அப்பா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

பேச்சி மைனி அடுத்த வீடு; அண்ணியை நாங்கள் மைனி என்போம். அவள் வீட்டுக்காரர் சுடலை அண்ணன் விழிஞ்ஞத்தில் கட்டட வேலைக்குப் போனவர். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்தபின் மைனி அண்ணனின் போனைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள்.

"பிள்ளே, பயலுக்குப் பாடுன பாட்டையெல்லாம் இதுலதான் புடிச்சு வச்சிருந்தாரு. எனக்குப் பெரிய போன் வாங்கினதும் அதுல போட்டுத் தாரேன்னாரு. பய அந்தப் பாட்டு இல்லாம உறங்கமாட்டேங்கான். நீ ஒண்ணு திறந்து தா."

பூட்டைத் திறக்கும் எண் அண்ணனோடு போய்விட்டது. மச்சினன்மாரெல்லாம் கூடி பிறந்த நாள், கல்யாண நாள், பைக் நம்பர் என்று அடித்துப் பார்த்ததில், போன் இப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் மணிக்கணக்கில் காத்திருக்கச் சொன்னது. தனியாக மெமரி கார்டும் இல்லை.

நான் மாளவிகா மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். எங்களுக்கு நெட்வொர்க் செக்யூரிட்டி எடுப்பவர் அவர்தான். "போனிலுள்ளது எல்லாம் பூட்டியிட்டல்லே ஷிஜா வைக்குன்னது? ஆ நம்பர் இல்லாதெ தாக்கோல் கிட்டில்லா. நீ தன்னெ அல்லே இன்டர்னல்ஸில் இது பங்கியாயிட்டு எழுதியது?" என்றார். மிஸ் பேசுவது மலையாளம்; அந்த நம்பர் இல்லாமல் தாக்கோல், அதாவது சாவி, கிடைக்காது என்கிறார். உண்மைதான், நானேதான் அழகாக எழுதியிருந்தேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. ஒரு காரியம் ஏன் நடக்காது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பாவம் பிடித்த விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மைனியிடம் முடியாது என்று சொன்னேன். அவள் போனை மறுபடியும் துணியில் சுற்றினாள். அப்பாவுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது.

"போன் கடைக்காரப் பய திறந்து தாரேங்கான். இத்தன வருஷம் படிச்ச உன்னால முடியாதா?"

"அவன் உள்ள இருக்கிறதையெல்லாம் அழிச்சிட்டுத்தாம்பா திறப்பான். கொடுத்துராதீங்க."

"அழிச்சிட்டா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போனேன்.

அந்த வாரம் பரீட்சை. சங்கேத முறைகளின் பாதுகாப்பை விளக்குக என்று கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதிவிட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். வாசலில் மைனி நின்றாள். குழந்தை இடுப்பில், போன் கையில். சாவுக்குப் பிறகு அவள் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான்.

"திறந்தாச்சு பிள்ளே! உங்கப்பாதான் கடையில கொண்டுபோய்க் கொடுத்தாரு."

போனை வாங்கிப் பார்த்தேன். புதுப் போன் போலப் பளிச்சென்று இருந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கடைக்காரன் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்திருந்தான்.

அப்பா பின்னாலேயே வந்தார். "திறக்கத்தான உன்னால முடியல. அதைக் கடைக்காரன் செஞ்சிட்டான். அழிஞ்சத எடுக்கத்தான் உனக்குத் தெரியுமே" என்றார். எவ்வளவு ஒழுங்காக யோசித்திருக்கிறார்! நான் சொன்ன இரண்டையும் கேட்டு, ஒன்றோடொன்று பொருத்தி, எனக்கு உதவி செய்திருக்கிறார். கல்யாணப் போட்டோ இருந்த கார்டில் பூட்டு இல்லை, இதில் இருந்த பூட்டுக்குச் சாவியையே இப்போது அழித்தாயிற்று, இனி எந்த நம்பர் கிடைத்தாலும் ஆகாது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. கத்தவேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

"பாட்டு வந்துருமாடா?" என்று மைனி குழந்தையின் தாடையைப் பிடித்துக் கேட்டாள்.

லேப்டாப்பைத் திறந்து போனைக் கேபிளில் மாட்டி அதே மென்பொருளை ஓடவிட்டேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. மைனி தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அப்பா சத்தமில்லாமல் ஃபேனைக் கூட்டி வைத்தார். எனக்கு அழுகை வந்தது. குனிந்து கேபிளைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கோடு கடைசிக்குப் போய் நின்றது. எதுவும் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. மைனிக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

"என்ன பிள்ளே சொல்லுது?"

"தேடிட்டிருக்கு மைனி" என்றேன். முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டேன்.

"செரி, மெதுவாத் தேடட்டும்" என்று சொல்லி மைனி குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். அவன் உறங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.